அப்பா பட்டனில் யார் குரல்?

போன வாரம் ஒரகடம் கூட்டுரோட்டில் டீக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. முதல் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள். எல்லோருக்கும் ஒரே சாம்பல் சட்டை, கழுத்தில் ஒரே மாதிரி அட்டை, முகத்தில் ஒரே மாதிரித் தூக்கம். சாலையோரம் அம்மாவின் கையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பொடியன், தொண்டை கிழிகிற மாதிரி ஒரே ஒரு தடவை “அப்பா!” என்று கத்தினான்.

மொத்த பஸ்ஸும் திரும்பியது. இறங்கியவர்கள், படியில் நின்றவர்கள், ஜன்னலில் தலை சாய்த்திருந்தவர்கள், கல்யாணமே ஆகாத ஹாஸ்டல் பையன்கள்கூட. டிரைவர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். கத்தியவன் எங்கள் பாலர் பள்ளிக் கவின். அவனுடைய நிஜ அப்பா பின்வாசலில் பையைத் தேடிக்கொண்டிருந்தார், பாவம்.

ஒருவர் மட்டும் திரும்பவில்லை. முதல் ஆளாக இறங்கி வந்து, என் பக்கத்தில் நின்று டீயை ஊதிக்கொண்டிருந்த மாரிச்செல்வம். அவர் மகள் தன்ஷிகாவுக்கு நான் மிஸ்ஸாக இருந்தேன்.

“எல்லாரும் திரும்பினாங்களே சார், நீங்க மட்டும் திரும்பல?”

“என்னைய அப்படி யாரு மிஸ் கூப்பிடுதா?” என்றார். சோகமாகவெல்லாம் இல்லை. டீயில் சர்க்கரை கம்மி என்று சொல்கிற தொனியில்.

அந்த நொடியில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. தன்ஷிகாவுக்குப் பேச்சு வராது. படத்தைத் தொட்டால் பேசுகிற டேப், அதாவது சின்ன டேப்லெட், ஒன்று வைத்திருக்கிறாள். அதில் ‘அப்பா’ என்று சொல்வது யார் குரல்? என் குரல்! இருபத்தாறு வயதுப் பெண்ணின் குரலில் ஒரு அப்பா! கவினின் குரலைப் பிடித்து அந்த டேப்பில் போட வேண்டும் என்று தோன்றியது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுச் சாலையைக் கடக்க ஓடினேன். ஒரு டிரெய்லர் லாரிக்காரர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

ஏன் ஓடினேன் என்று புரிய, என் உத்தியோக வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். அதற்காக நரைமுடியைத் தேடாதீர்கள். எங்கள் பக்கம் எல்லாமே கான்ட்ராக்ட். கம்பெனி லைனில் நிற்கும் பையன் இருபத்துமூன்றில் ஓய்வு பெற்று, வேறொரு லைனில் மறுபிறவி எடுப்பான். எங்கள் பாலர் பள்ளியும் விதிவிலக்கு இல்லை. தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு அறக்கட்டளை நடத்துவது. என் கான்ட்ராக்ட் முடிந்த அன்று எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள், ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள், பள்ளியில் உதவிக்கு இருக்கும் அம்சா அக்கா மூக்கைச் சிந்தினார். இதற்குப் பெயர் ஓய்வு இல்லை என்றால் வேறு எதற்கு? என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள், “அக்கா, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்களேன், எங்களுக்கு யூஸ் ஆவும்” என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அனுபவம்! எனக்கு!

படித்த கதை சுருக்கம்தான். சொந்த ஊர் மண்ணூர். உளவியலில் ஒரு பட்டம், சிறப்புக் கல்வியில் ஒரு டிப்ளமோ. டிப்ளமோவில் பாதி ஆங்கிலம், மீதி சார்ட் பேப்பர். வீட்டில் “ஏதாவது கம்பெனில ஹெச்.ஆர். ஆவேன்டி” என்றார்கள். நான் பேசாத குழந்தைகளைப் பேசவைக்கப் போகிறேன் என்றேன். “மொதல்ல நீ கொஞ்ச நேரம் வாய மூடு பாக்கலாம்” என்றான் தம்பி.

அவன் சொன்னதையேதான் பிற்பாடு கிரிஜா மேடமும் சொன்னார், வேறு வார்த்தையில்.

கிரிஜா மேடம் பேச்சுப் பயிற்சி நிபுணர், எங்களுக்கெல்லாம் மேலதிகாரி. வாரம் ஒருமுறை தாம்பரம் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார். கையில் சீரகத் தண்ணீர் பிளாஸ்க். வந்ததும் யாருக்கும் வணக்கம் கிடையாது. நேராகக் குழந்தைக்குப் பக்கத்தில், குழந்தையின் உயரத்துக்குத் தரையில் உட்காருவார். இரண்டு உள்ளங்கைகளையும் தன் தொடைகளுக்குக் கீழே சொருகிக்கொள்வார். எனக்கு முதலில் குளிரோ என்று தோன்றியது. எங்கள் பள்ளி இருக்கும் வல்லக்கோட்டை வெயிலில் என்ன குளிர்?

“கை வெளியில இருந்தா ஏதாவது பண்ணத் தோணும். குழந்தைக்கு நாம எதுவும் பண்ணக்கூடாது. காட்டணும், அப்புறம் காத்திருக்கணும்.”

முறை இதுதான். ‘சொல்லு, சொல்லு’ என்று கேட்கக் கூடாது. நாம் பேசும்போதே அந்தப் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். “அம்மா வந்தாச்சு” என்று வாயால் சொல்லும்போதே விரல் அம்மா பட்டனில் இருக்க வேண்டும். அப்புறம் நிறுத்த வேண்டும். எவ்வளவு நேரம்? எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு கன்டெய்னர் லாரி முழுசாகக் கடந்து போகிற நேரம். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அது ஒரு லாரி. எனக்கு அது ரயில்.

அதைவிடக் கொடுமை, கை தட்டக் கூடாது. ஒரு குழந்தை அம்மா படத்தைத் தொட்டதும் நான் “சூப்பர்! சூப்பர்!” என்று குதித்தேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் பிளாஸ்க் தண்ணீரே ஆறியிருக்கும்.

“உங்கள யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா என்ன பண்ணுவீங்க?”

“திரும்பிப் பாப்பேன் மேடம்.”

“கை தட்டுவீங்களா?”

“இல்ல மேடம்.”

“அப்போ இதுக்கு மட்டும் என்ன சர்க்கஸ்? கூப்பிட்டா அம்மா திரும்பிப் பாக்கணும். அதுதான் பரிசு. கையைக் கீழ வைங்க.”

மேடத்திடம் மூன்று வகை ‘ம்’ உண்டு. குட்டையான ‘ம்’ என்றால் தப்பு. நீளமான ‘ம்ம்’ என்றால் தப்பு, ஆனால் சுவாரசியமான தப்பு. ஏறி முடிகிற ‘ம்?’ என்றால் செய்து பார். பாராட்டுக்கென்று தனியாக ஒன்று இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

டேப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வந்து இறங்கியபோது அதன் ‘குடும்பம்’ பக்கத்தில் ரோஜா நிறக் கன்னத்தோடு ஆறேழு பொம்மைகள் இருந்தன. அதில் ‘அங்கிள்’ என்று ஒரே ஒரு பட்டன். ஒரே ஒரு பட்டனில் மாமா, சித்தப்பா, பெரியப்பா அத்தனை பேரையும் அடைக்க முடியுமா? எங்கள் ஊரில் அங்கிள் என்றால் ஹவுஸ் ஓனர்! அத்தனையையும் அழித்தோம். ஒவ்வொரு வீட்டிலும் நிஜ ஆட்களின் போட்டோ வாங்கி ஒட்டி, பெயர்களை என் குரலிலேயே பதிவு செய்தேன்.

அப்பாக்களிடம் போட்டோ கேட்டால் எல்லோரும் கம்பெனி அட்டையில் உள்ளதையே அனுப்பினார்கள். சாம்பல் சட்டை, விறைப்பான கழுத்து. நானும் அப்படியே ஒட்டிவிட்டேன். ஒருநாள் ஃபேன் மாட்ட ஒரு எலக்ட்ரீஷியன் சாம்பல் சட்டையில் வந்தார். வகுப்பு முழுக்க, டேப்பிலும் வாயிலுமாக, ஒரே “அப்பா! அப்பா!” மனிதர் ஏணியை விட்டு இறங்கவே இல்லை. அம்சா அக்கா கீழே நின்று, “இன்னா சார், இம்மாம் பெரிய குடும்பம் வெச்சிக்கினு கம்முனு கீற?” என்று கேட்டுவிட்டார். மறுவாரமே எல்லா அப்பாக்களும் ஞாயிற்றுக்கிழமை லுங்கியில் மறுபடி படம் எடுக்கப்பட்டார்கள்.

இப்போது தன்ஷிகா.

நான்கு வயது. காது நன்றாகக் கேட்கும், எல்லாம் புரியும், வாயில் மட்டும் சொல் வராது. அவள் அம்மா பேச்சியம்மாளுக்கும் அப்பா மாரிச்செல்வத்துக்கும் ஊர் சங்கரன்கோயில் பக்கம். வேலைக்காக இங்கே வந்து ஒரு லைன் வீட்டில், ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். ஹவுஸ் ஓனரம்மா ஒருநாள் குழாயடியில் சொன்னதைப் பேச்சி என்னிடம் சிரித்துக்கொண்டே நடித்துக் காட்டினார்: “‘அம்மா பேரு பேச்சியாம், பொண்ணுக்கு ஒரு பேச்சு கூட வரல பாரேன்’னு சொல்லுதாக டீச்சர்.” வாய்தான் சிரித்தது.

டேப்புகள் கொஞ்சம்தான், காத்திருக்கும் குழந்தைகள் அதிகம். அதனால் அறக்கட்டளையில் ஒரு விதி. டேப் கொடுத்த ஆறு மாதத்தில் ரிவ்யூ. தன் வீட்டு மனிதர்களைக் குழந்தை சரியாகக் காட்டினால் டேப் அவளுக்கே. இல்லாவிட்டால் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். மற்றக் குழந்தைகளுக்கு வீட்டில் ஆறேழு பேர், ஒன்றிரண்டு தப்பினாலும் தேறிவிடலாம். தன்ஷிகாவுக்கு வீட்டில் இரண்டே பேர்.

அம்மா படத்தைக் காட்டினால் அம்மாவைத் தொடுவாள். அப்பா படத்தைக் காட்டினால் ‘மாமா’வைத் தொடுவாள்.

மாமா என்று அவள் டேப்பின் குடும்பப் பக்கத்தில் இருந்தது ஊரிலிருக்கும் பேச்சியின் அண்ணன். வீடியோ காலில் பார்த்த முகம். இரண்டு பேருக்கும் ஒரே அளவு மீசை. படம் குழப்புகிறது என்று முடிவு கட்டினேன். மீசையில்லாத மாமா படம் ஒன்றைக் கல்யாண ஆல்பத்திலிருந்து கிளறி எடுத்துப் போட்டேன். மாமா. பட்டன்களின் இடத்தை மாற்றினேன். மாமா. அப்பா பட்டனைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டேன். அவள் சிவப்புக் கட்டத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு மாமாவைத் தொட்டாள். கடைசியில் “அப்ப்ப்பா” என்று அழுத்திச் சொல்லிப் பதிவு செய்தேன்.

மேடம் அதைக் கேட்டார். குட்டை ‘ம்’. “அவளுக்குக் காது கேக்கும்” என்றார்.

ரிவ்யூவுக்கு மூன்று வாரம் இருந்தது. பேச்சிக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு மாரிச்செல்வம் ஷிஃப்ட் முடித்து நேராகப் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தார். ஷூவைக் கழற்றும்போதே போன் அடித்தது. கை ஒழியாததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“மாமா, பாப்பாவக் கூட்டியாச்சா? வாரப்போ அரை லிட்டர் பால் வாங்கியாருங்க மாமா.”

பேச்சியின் குரல். தன்ஷிகா டேப்பை இழுத்தாள். ‘மாமா’. ஒரு விரல் பட்டனில், கண் இரண்டும் அப்பா மேல். மறுபடி, ‘மாமா’.

“சார்... அக்கா உங்கள எப்டி கூப்புடுவாங்க?”

மனிதர் ஷூ லேஸிடம் பதில் சொன்னார். “மாமான்னுதான் மிஸ். எனக்குத் தாய்மாமன் மவ அவ. சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான்.”

நான் வளர்ந்த பக்கத்தில் மாமா என்றால் அம்மாவோடு பிறந்தவர். அவரை விட்டால் போலீஸ்காரர். அதையும் விட்டால் இங்கே எழுதக் கூடாத ஒரு தொழில் செய்பவர். புருஷன் என்ற அர்த்தம் என் மூளையின் எந்த அலமாரியிலும் இல்லை. அம்சா அக்கா மட்டும் ஆற அமர, “அப்டின்னா பாப்பா கரீட்டாத்தான் சொல்லிக்கினு கீது. நீதான் மிஸ்ஸு ராங் நம்பரு” என்றார். ஒற்றை அறையில் மூன்று பேர். அதில் அந்த மனிதரைக் கூப்பிடுகிற வாய் ஒன்றே ஒன்று. அது சொல்கிற சொல்லைத்தானே அவளும் சொன்னாள்!

மேடத்துக்குப் போன் போட்டு மூச்சுவிடாமல் கொட்டினேன். மறுமுனையில் ஒரு நீளமான ‘ம்ம்’. “அந்த அப்பாவுக்கு எப்படிக் கூப்பிட்டாப் பிடிக்கும்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. மறுநாள் கேட்டேன். மாரிச்செல்வம் அதிகம் பேசுகிறவர் இல்லை. “அப்பான்னு ஒருக்காச் சொன்னாப் போதும் மிஸ்” என்றார்.

ஆக, வீட்டுப்பாடம் குழந்தைக்கு இல்லை, அம்மாவுக்கு.

“என்னது! அவுகளப் போயி நான் அப்பான்னு கூப்பிடவா?” பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “இது என்ன கூத்து டீச்சர்! எங்க அப்பா ஊருல குத்துக்கல்லு மாதிரி இருக்காரு.”

“பாப்பா முன்னாடி மட்டும்க்கா. ‘அப்பா வந்தாச்சு’, ‘அப்பாட்ட குடு’, அந்த மாதிரி.”

“ஓனரம்மா கேட்டாகன்னா சிரிப்பாணி சிரிப்பாக. சரி, பிள்ளைக்காகத்தான?”

முயற்சி செய்தார். எனக்கு அனுப்பிய குரல் பதிவுகளில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன்: “பாப்பா, அந்தா பாரு, அப்பா வந்துட்டாக, அப்பா வந்துட்டாக... மாமா, செருப்ப வெளிய விடுங்க!” மாரிச்செல்வமும் தன் பங்குக்கு, ஷிஃப்ட் முடிந்து வந்ததும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா பட்டனைத் தானே தொட்டுவிட்டு நெஞ்சைத் தொட்டுக் காட்டுவாராம். அந்த லைன் வீட்டில் பக்கத்து அறைப் பையன்கள் எல்லாம் அவரை “அப்பா, டூட்டிக்குக் கெளம்பியாச்சா?” என்று ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரும் கூப்பிட்டார்கள். கூப்பிட வேண்டியவள் கூப்பிடவில்லை.

ரிவ்யூ நாள் வந்தது. தன்ஷிகா நடுவில், டேப் மடியில். ஒரு பக்கம் மேடம், கைகள் தொடைக்கு அடியில். பின்னால் மாரிச்செல்வமும் பேச்சியும். நான் மூலையில். விஷயத்தை மேடத்திடம் ஏற்கெனவே சொல்லி, ‘மாமா’ என்றாலும் சரி என்று போடக் கூடாதா என்று கெஞ்சியிருந்தேன். “போடலாம். ஆனா யாரைக் கூப்பிடுறோம்னு தெரிஞ்சுதான் தொடுறாளா, இல்ல சும்மா பழக்கத்துல தொடுறாளா? அதை எனக்கு அவ காட்டணும், நீங்க இல்ல” என்றிருந்தார்.

அம்மா படம். ‘அம்மா’. பேச்சி “என்னம்மா?” என்றார். சரி.

லுங்கி கட்டிய அப்பா படம். மேடம் காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கன்டெய்னர் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. தன்ஷிகா விரலை நீட்டினாள்.

‘மாமா.’

மாரிச்செல்வத்தால் தாங்க முடியவில்லை. விதி தெரியும், நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் மகளின் தோளுக்கு மேலே கையை நீட்டி ‘அப்பா’ பட்டனைத் தொட்டுவிட்டார். என் உயிர் போய்விட்டது. முடிந்தது, டேப் போயிற்று.

தன்ஷிகா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். சோற்றில் கிடக்கும் முடியை எடுப்பது போல அவர் விரலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தாள். பிறகு, அதுவரை சுண்டல் வேண்டாம் என்பதற்கு மட்டுமே பயன்படுத்தி வந்த பட்டனைத் தொட்டாள்.

‘இல்லை.’

அப்புறம், ‘மாமா.’

அப்புறம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, ‘மாமா. வா.’

லாரி போய்விட்டது. கிரிஜா மேடத்தின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மலோ என்று பார்த்தேன். சிரிப்பு! நான்காவது வகை இருக்கத்தான் செய்தது!

“பழக்கத்துல தொடுற குழந்தை, பெரியவங்க மாத்தினா விட்டுடும். இவ பெத்த அப்பனையே திருத்துறா. டேப் எங்கயும் போகாது.”

என் கைகள் தானாக எழுந்தன. “கீழ” என்றார், என் பக்கம் திரும்பாமலே.

வாசலில் மாரிச்செல்வம் ஷூ போட்டுக்கொண்டிருந்தார். தன்ஷிகா அவர் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

“நல்லதுதான மிஸ்?”

“ரொம்ப ரொம்ப நல்லது சார். இல்லைன்னு சொல்றா, வான்னு சொல்றா...”

“ம். அப்போ மாமாதான்” என்றார். லேஸை இழுத்துக் கட்டினார். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. கொஞ்ச நாளில் எனக்கு ஓய்வும் வந்துவிட்டது. சால்வை, டிபன் பாக்ஸ்.

இதனால்தான் போன வாரம் டீயை வைத்துவிட்டு ஓடினேன். ‘மாமா’ அவள் அம்மாவின் சொல். ‘அப்பா’ ஒரு பிள்ளையின் சொல். ஆனால் அந்த அறையில் இன்னொரு பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அவள் காதில் விழுந்த ‘அப்பா’ எல்லாம் பேச்சி சொன்னது, அந்தப் பையன்கள் ஓட்டியது, என் டேப் சொன்னது. எல்லாமே வளர்ந்தவர்கள் குரல். அது தனக்கான சொல் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கவினிடம் போனை நீட்டி, “அப்பான்னு சொல்லுடா” என்றேன்.

“எங்கப்பாதான் பக்கத்துலயே கீறாரே மிஸ்! இன்னாத்துக்குக் கூப்புடணும்?”

நியாயம்தான். கிரிஜா மேடத்திடம் பாடம் கேட்டவன் மாதிரியே பேசினான். எனவே மறுநாள் பஸ் வருவதற்கு முன்பே, போனில் பதிவை ஓடவிட்டபடி அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கிடைத்துவிட்டது. பின்னால் ஒரு லாரி ஹாரனும் சேர்ந்துதான் கிடைத்தது. வெட்டிப் பார்த்தேன், அப்பாவும் பாதி போய்விடுகிறது. இருக்கட்டும். இந்த ஊர் அப்பாக்கள் ஹாரனோடுதான் வருகிறார்கள்.

மேடத்திடம் கேட்டேன். ஏறி முடிகிற ‘ம்?’ கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: “மாமா பட்டன் அப்படியே இருக்கணும். அது அவ சம்பாதிச்ச சொல்லு.”

நாளை ஞாயிறு. மாரிச்செல்வத்துக்கு ஓவர்டைம் இல்லை. காலையில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அவர் வாசலில் வீட்டுக்கு முதுகு காட்டிக்கொண்டு வண்டி கழுவுவார். கவினின் குரல் ஏறிய டேப்போடு தன்ஷிகா உள்ளே நிலைப்படியில் இருப்பாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்க மாட்டோம். மாமா என்று வந்தாலும் திரும்ப வேண்டும், அப்பா என்று வந்தாலும் திரும்ப வேண்டும், கை தட்டக் கூடாது என்று அவரிடம் போனில் சொன்னேன்.

“திரும்பிருவேன் மிஸ். நாலு நாளா கம்பெனியில எவன் அப்பான்னாலும் திரும்பிப் பாக்கேன். லைன்ல சூப்பர்வைசரு என்னைய ஒரு மாதிரி பாக்காரு.”

நான் பேச்சியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.